இடது பக்கம் நிற்பவள்

விரிப்பின் ஒரு முனையிலுள்ள இரண்டு மூலைகளையும் சேர்த்துச் சுவரிலிருந்த கொக்கியில் மாட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள். ஓர் உதறு. நீளவாக்கில் ஒரு மடிப்பு. கொக்கியை நோக்கி நடந்து, எட்டி, அங்கே தொங்கிய முனையைக் கையிலிருந்த முனையோடு சேர்த்தாள். இன்னொரு மடிப்பு. மேசைமேல் வைத்து உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு. அடுத்த விரிப்பு.

மேலங்கி மாட்டுவதற்காக யாரோ என்றைக்கோ அடித்துவைத்த கொக்கி அது. அவள் உயரத்துக்குத்தான் எட்டும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மடிப்பு அறைக்கு வந்த நாளிலிருந்தே அவளுக்கு நெட்டை என்று பெயர். அவளோடு ஜோடி சேர்ந்து மடிப்பவள் குள்ளி. ஆளுக்கொரு முனையைப் பிடித்து இருவரும் நின்றால் துணி ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும்.

"மழை பெஞ்சா தண்ணி பூரா குள்ளி பக்கம்தான் ஓடும்" என்பார் உருளை அண்ணன். நீராவி உருளையில் துணியை ஓட்டித் தேய்த்து அனுப்புவது அவர் வேலை. பதினைந்து வருடங்களாக அதே வேடிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று குள்ளி இல்லை. மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள்.

"ஓடிப்போயிட்டு ஓடி வந்துடறேன்டி. யார் மண்டையை உடைச்சானோ."

"உன் பிள்ளைதானே? முழங்காலைத்தான் உடைச்சிருப்பான். மண்டைக்கு எட்டாது."

குள்ளி அவள் முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனாள்.

ஒருத்தி இப்படி வெளியே போனால் சமாளிக்க அந்த அறையில் ஒரு முறை இருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததல்ல. எல்லா மேசைகளிலும் கொஞ்சம் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். தனியாக நிற்பவளுக்குப் பக்கத்து மேசையிலிருந்து ஒருத்தி அவ்வப்போது வந்து முனை பிடிப்பாள். மாலையில் அறையிலுள்ள அடுக்குகள் எல்லாம் ஒரே அளவுக்குக் குட்டையாக இருக்கும். எந்த மேசையில் ஆள் இல்லை என்று எவராலும் சொல்ல முடியாது.

பக்கத்து மேசைக்காரிக்கு அன்று காய்ச்சல். அவளைக் கூப்பிட நெட்டைக்கு மனம் வரவில்லை. நம்மால் யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று நினைத்தபோதுதான் கொக்கி கண்ணில் பட்டது. மாட்டிப் பார்த்தாள். நாலைந்து விரிப்புகளிலேயே கை பழகிவிட்டது. பழகியதும் ஒரு குஷி வந்துவிட்டது. மாலையில் அறையிலேயே உயரமான அடுக்கு அவளுடையது.

புதிதாக வந்திருந்த சூப்பர்வைசர் எப்போது வந்து கதவருகில் நின்றார் என்று அவள் கவனிக்கவில்லை.

"கூட மடிக்கிறவங்க எங்கம்மா?"

"இப்பதான் சார் பாத்ரூம் போனா."

அவர் அடுக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கொக்கியைப் பார்த்தார்.

"இவ்வளவும் நீங்க ஒருத்தரே மடிச்சதா?"

இல்லையென்று சொல்லியிருக்கலாம்.

"உயரம் இருக்குல்ல சார்" என்றாள். சிரிக்கவும் செய்தாள்.

அடுத்த வாரம் ஒவ்வொரு மேசைக்கும் எதிரே, எல்லாருக்கும் எட்டுகிற உயரத்தில், ஒரு கொக்கி அடிக்கப்பட்டது. மேசைக்கு ஓர் ஆள் போதுமென்றார்கள். வயதான இரண்டு பேரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். மற்றவர்களைக் கீழ்த்தளத்துக்கு, அழுக்குத் துணி பிரிக்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். குள்ளி அவர்களில் ஒருத்தி. அங்கே ரத்தமும் மலமுமாக வரும் துணியை வண்டி வண்டியாகக் கொட்டிக் கையுறை போட்டுக்கொண்டு பிரிக்க வேண்டும்.

முதல் நாளே நெட்டை கீழே போனாள். குள்ளி முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏ குள்ளி, நீ மாட்டிக்கக் கூடாதுன்னுதான்டி நான்..."

"சொல்லுங்க" என்றாள் குள்ளி.

நெட்டை திரும்பிப் படியேறி மேலே வந்தாள்.

யாரும் அவளோடு சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், விஷயம் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். மதியம் பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவள் வரும்போது அங்கே இடம் இருக்காது. யாரும் அவளை வேண்டாமென்று சொல்லவில்லை. டப்பாக்களைக் கொஞ்சம் பரப்பி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அவள் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். அவள் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். வெளியே போனதும் திரும்பத் தொடங்கும். ஒருநாள் கதவுக்கு வெளியே நின்றபோது "கொக்கி போயிடுச்சா?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. நெட்டை என்கிற பெயரை எப்போது எடுத்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

கீழ்த்தளத்தில் துணிக்குள் கிடந்த ஊசி குள்ளியின் விரலில் குத்திய செய்தியும் அவளுக்கு அப்படித்தான் வந்தது. உருளை அண்ணன் வேறு யாரிடமோ, "முதல் ரத்த டெஸ்ட்டுல தொத்து ஒண்ணும் இல்லையாம். இன்னும் ரெண்டு டெஸ்ட் இருக்காம். மாத்திரைதான் ஒத்துக்கல, ஒரே வாந்தி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நெட்டையின் அப்பா ஒரு தையல்காரர். மகளின் பாவாடையை வருடத்துக்கு இரண்டு முறை இறக்கித் தைப்பார். "உன்னை அளக்க டேப்பு பத்தாது" என்பார். பள்ளிக்கூடத்தில் எப்போதும் கடைசி வரிசை. பின்னால் யாரும் இல்லாத இடம். கல்யாணம் தள்ளிப்போனது. கடைசியில் வந்தவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். அவள் தோளுயரம். கல்யாணப் போட்டோவில் அவரை ஒரு மரப்பெட்டிமேல் ஏற்றி நிறுத்தினார்கள். பெட்டி தெரியாமலிருக்க முன்னால் குழந்தைகளை நிற்க வைத்தார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. மடிப்பு அறைக்கு வந்து, துணியின் மறுமுனையை ஒருத்தி பிடித்துக்கொண்டு எதிரே நடந்து வந்து, விரல்கள் தொட்டுக்கொள்ள முனையைக் கைமாற்றிவிட்டுத் திரும்பிப் போனபோதுதான், தன் உயரத்துக்கும் ஓர் உபயோகம் இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. ஒரு நாளில் எத்தனையோ முறை அந்த விரல்கள் வந்து தொட்டுவிட்டுப் போகும். அது தனக்கு வேண்டியிருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது இப்போதுதான்.

நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு வலி வந்தது. அமுக்கினால் தெரியாது, சும்மா இருந்தால் தெரியும். மருத்துவமனையிலேயே காட்டினாள். இருதயத்தில் ஒன்றுமில்லை என்று வாய்வு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். அது கேட்கவில்லை. தலைவலி மாத்திரை போட்டால் கொஞ்சம் தேவலை போலிருந்தது.

"யாரும் பேசலைன்னா என்ன இப்ப? சம்பளம் பேசுதில்ல?" என்றார் கணவர். அவர் கையில் பிரித்துப்போட்ட பூட்டு ஒன்று இருந்தது. "என்னைப் பாரு. எந்தப் பூட்டாவது என்கிட்ட வாயைத் திறக்குதா? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"உங்க பூட்டு பதினஞ்சு வருஷம் சிரிச்சுப் பேசிட்டு நிறுத்தலையே."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பூட்டுக்குள் எண்ணெய் விட்டார்.

மருத்துவமனை உணவகச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மூளை எப்படி வேலை செய்கிறது என்று படமெடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு ஆட்கள் தேவை, ஊழியர்களுக்கு அரைநாள் விடுப்பு உண்டு. சலவைக்கூடத்திலிருந்து மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். மற்ற இரண்டு பேர் உருளை அண்ணனும் குள்ளியும் என்று நெட்டைக்குத் தெரிய வந்தபோது, பெயரை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். எடுக்கவில்லை. ஒரு மதியம் முழுக்க ஒரே இடத்தில் இருக்கப்போகிறோம். ஒரு வார்த்தையாவது வராதா?

நடைவழியில் ஒரே பெஞ்சு. குள்ளி ஒரு கோடியில், அண்ணன் நடுவில், அவள் இந்தக் கோடியில்.

"உள்ள தலையை விட்டா என்ன தெரியும்ணே?" என்று குள்ளி கேட்டாள்.

"உனக்கு நிறையத் தெரியும். எனக்கு விட்டா வெறும் நீராவிதான் தெரியும்."

குள்ளி சிரித்தாள். இளைத்திருந்தாள். நெட்டையும் சிரித்தாள். அவள் சிரித்தது கேட்டதும் குள்ளியின் சிரிப்பு நின்றது.

ஆராய்ச்சி செய்கிற பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தோடு, வளையல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

"ஒரு சின்ன விளையாட்டுதான்க்கா. திரையில ரெண்டு பேர் தெரிவாங்க, இடது பக்கம் ஒருத்தர், வலது பக்கம் ஒருத்தர். கீழ தெரியற கை உங்களோடது. மூணு பேரும் பந்தைப் போட்டு விளையாடணும். பந்து உங்ககிட்ட வந்தா, யாருக்குப் போடணுமோ அந்தப் பக்கத்துப் பட்டனை அமுக்குங்க. மத்த ரெண்டு பேரும் வேற அறையில உக்காந்து கம்ப்யூட்டர்ல விளையாடுவாங்க."

கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள். அண்ணனையும் குள்ளியையும் எழுப்பி ஆளுக்கொரு அறைக்குக் கூட்டிப்போனார்கள்.

ஸ்கேன் எந்திரத்தின் குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். கால் வெளியே நீண்டிருந்தது. சத்தம் சுத்தியலால் அடிப்பதுபோல் தொடங்கியது. முகத்துக்கு மேலிருந்த கண்ணாடியில் திரை தெரிந்தது. கோடு கோடாக வரைந்த இரண்டு உருவங்கள். முகம் கிடையாது.

இடது பக்கம் குள்ளி என்று உடனே தெரிந்துவிட்டது. மடித்ததை அடுக்கும்போது மேசைக்கு இடது பக்கம் நிற்பவள் அவள்தான். பதினைந்து வருடமும் அங்கேதான் நின்றாள். வேறு எங்கே போய் நிற்பாள்?

இடது உருவம் பந்தை அவளுக்குப் போட்டது.

அவள் இடது பட்டனை அமுக்கினாள். பந்து திரும்பிப் போனது. அண்ணனுக்குப் போனது. அண்ணன் குள்ளிக்குப் போட்டார். குள்ளி மறுபடி அவளுக்குப் போட்டாள். பந்து போகும் விதம்கூட அவளுடையதுதான்; கொஞ்சம் மேலே தூக்கி, எட்டாதோ என்று நினைத்துப் போடுவதுபோல. நெட்டை ஒவ்வொரு முறையும் இடது பட்டனையே அமுக்கினாள். அண்ணன் தப்பாக நினைக்கமாட்டார். நெஞ்சுக்குழியில் வலி இல்லை என்பதைக் கவனித்தாள். வெளியே போனதும் கேட்டுவிடலாம்: வாயில பேசமாட்ட, பந்துல பேசுவியாக்கும்?

பிறகு இடது உருவம் வலது உருவத்துக்குப் போட்டது. வலது இடதுக்குப் போட்டது. இடது வலதுக்கு. அவள் கட்டைவிரலைப் பட்டன்மேல் தயாராக வைத்திருந்தாள். வலது இடதுக்கு. திரையின் கீழே அவள் கை சும்மா இருந்தது. சத்தம் நிற்கும்வரை அது சும்மாவே இருந்தது.

வெளியே எடுத்து உட்கார வைத்ததும் அந்தப் பெண் கேட்டாள், "என்ன தோணுச்சுக்கா?"

நெட்டை நெஞ்சுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. படுத்தே இருந்தேன்ல, தண்ணி வந்துடுச்சு."

அந்தப் பெண் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இப்ப உண்மையைச் சொல்லிடணும், அது எங்க கடமை. அந்தப் பக்கம் யாருமே விளையாடலக்கா, அவங்க ரெண்டு பேரும் வேற அறையில ஃபாரம்தான் நிரப்பிட்டிருந்தாங்க. எல்லாம் கம்ப்யூட்டர் போட்டது. கொஞ்ச நேரம் உங்களைச் சேத்துக்கும், அப்புறம் விட்டுடும். அப்ப மூளை என்ன பண்ணுதுன்னு பாக்கறோம். சூடு பட்டா வேலை செய்யற இடங்கள்ல சிலது, நம்மளை ஒதுக்கினாலும் வேலை செய்யுதுன்னு சிலர் சொல்றாங்க. அது வேற இது வேறன்னு சிலர் சொல்றாங்க. இன்னும் முடிவாகல. ஆனா உங்களை யாரும் ஒதுக்கலக்கா. அதை மனசுல வச்சுக்காதீங்க."

நெட்டை கேட்டாள்.

"அப்ப முதல்ல எனக்குப் போட்டது?"

"அதுவும் கம்ப்யூட்டர்தான்."

"இடது பக்கம் நின்னவங்க?"

"அதுவும்தான்க்கா."

பந்து வராமல் போனதை அவள் எப்படியோ விழுங்கியிருந்தாள். இதை விழுங்க முடியவில்லை.

"வெளிய இருக்கறவங்ககிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சுட்டா அவங்க படம் வீணாப் போயிடும்" என்றாள் அந்தப் பெண். நெட்டை தலையாட்டினாள்.

கதவைத் திறந்ததும் எதிரே குள்ளி. வளையலைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்து அவள்தான். உள்ளே போவாள். பந்து வரும். பிறகு வராது. அங்கே நிற்பது நெட்டை என்று நினைப்பாள். ஏற்கெனவே விரலில் ஊசி குத்தி, மாத்திரை தின்று, அடுத்த டெஸ்ட்டுக்குக் காத்திருப்பவள்.

"ஏய், உள்ள போனதும் பந்து வரலைன்னா, அது நான்..."

குள்ளி அவள் பக்கம் திரும்பவில்லை. "அண்ணே, வழியில நிக்கறாங்க. கொஞ்சம் நகரச் சொல்லுங்க."

அண்ணன் நெட்டையைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த வளையலைப் பார்த்தார்.

அவள் நகர்ந்தாள். கதவு சாத்திக்கொண்டது.

சுவருக்கு அப்பால் சுத்தியல் சத்தம் கேட்டது. இப்போது பந்து வந்துகொண்டிருக்கும் என்று நினைத்தாள். இப்போது நின்றிருக்கும். வீட்டுக்குப் போயிருக்கலாம், அரைநாள் விடுப்பு. போகவில்லை.

குள்ளி வெளியே வந்ததும் அண்ணன் வளையலைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். குள்ளி வளையலைப் போட்டுக்கொள்ளாமல் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"உனக்கும் பந்துதானா?"

பல மாதங்களுக்குப் பிறகு வந்த முதல் கேள்வி. நெட்டை அவசரப்படாமல் பதில் சொன்னாள். "ஆமா."

"கம்ப்யூட்டராம்."

"ஆமா. அதைச் சொல்லத்தான் வந்தேன். உள்ள போய்க் கஷ்டப்படக் கூடாதேன்னு."

"ம்."

நடைவழியில் ஒரு தள்ளுவண்டி போயிற்று. அதன் சத்தம் முழுக்கத் தேயும்வரை குள்ளி காத்திருந்தாள்.

"வலது பக்கம் நிக்கறது நீன்னு நினைச்சேன். மேசையில அங்கதானே நிப்ப."

"ம்."

"நீ எனக்குப் போட்டுக்கிட்டே இருந்த. நானும் வாங்கிக்கிட்டே இருந்தேன். ஒண்ணுகூட உனக்குத் திருப்பிப் போடல. எல்லாத்தையும் அண்ணனுக்கே போட்டேன்."

குள்ளி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்புறம் பந்து நின்னுபோச்சு. நான் போடல, அதான் ரெண்டு பேரும் சேந்து என்னைய விட்டுட்டாங்கன்னு நினைச்சேன். நியாயம்தானேன்னும் இருந்துச்சு. ஆனா வலிச்சுது."

"அது மெஷின்டி."

"பந்து மெஷின். அமுக்கினது என் விரல்தானே?" குள்ளி வளையலை ஒவ்வொன்றாக ஏற்றினாள். "எனக்குக் கோவமெல்லாம் போயிடுச்சுன்னுதான் இருந்தேன். டெஸ்ட் எல்லாம் முடிஞ்சதும் ஒருநாள் மேல வந்து உங்கிட்டப் பேசணும்னுகூட இருந்தேன், சத்தியமா. பந்து கைக்கு வந்ததும்தான் தெரியுது. போகல. நீ நல்லதுக்குத்தான் செஞ்சே, எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போகலடி. நான் என்ன பண்ண?"

"பரவால்ல" என்றாள் நெட்டை.

"நீ யாருக்குப் போட்ட?"

"நானா? ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்திப் போட்டேன்."

"அப்ப சரி" என்றாள் குள்ளி. அவள் தோள் கொஞ்சம் இறங்கியதை நெட்டை பார்த்தாள். குள்ளி எழுந்து, புடவையை உதறிவிட்டுக்கொண்டு, நடைவழியில் போனாள். மூலை திரும்பும்வரை அவள் உச்சந்தலை தெரிந்தது.

மறுநாள் காலை கொதிகலன் ஓடவில்லை. பழுது பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். அதுவரை எல்லாரும் வெளியே நின்றார்கள். பத்து மணிக்கு மேல் அறுவை சிகிச்சைப் பிரிவின் பச்சைத் துணிகள் வந்தன. நெட்டை அவற்றை மடித்தாள். மதியம் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பிற்பகலில் ஒரு வண்டியைக் கீழ்த்தளத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வேறொருத்தி எடுத்துப் போனாள். உருளை அண்ணன் ஒரு முறை நெட்டையின் மேசை வழியாகப் போனார், இருமினார், போய்விட்டார். மாலையில் தலையணை உறைகள் மட்டும் இருந்தன. அவற்றை மடித்து அடுக்கினாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது.